லூசியாவின் கண்ணில் மூன்று கீறல்

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நெஸ்தான் என்ற பெண் காபிக் கடைக்குள் வந்தபோது அவள் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளாக இருந்தது. வலது உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தது. கடைக்காரி கஸ்பாரா துணியை எடுத்து நீட்டுவதற்குள் அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு காபி குடுங்க அக்கா. திங்கட்கிழமை பெரூஜாவுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு? ஒரேயடியா ஊருக்குப் போறேன்."

"எந்த ஊருக்குடி?"

"ஜார்ஜியாவுக்குத்தான். வேற எந்த ஊர் இருக்கு எனக்கு?"

மூலை மேசையில் சார்த்தி குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகிறது. ஆனாலும் எங்கள் இத்தாலியச் சிற்றூர் கஸ்தெல்ரானோவில் அவர் இன்றைக்கும் இன்ஸ்பெக்டர்தான். அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்துக் கஸ்பாரா பேசிவிடுவாள். ஊரில் ஒரு பூனை காணாமல் போனாலும் கடையைச் சாத்திவிட்டு அவரை இழுத்துக்கொண்டு கிளம்புகிறவள் அவள்.

"இன்ஸ்பெக்டரே, காது கேக்குதா? பொண்ணு கையில ரத்தம்! யாரோ அடிச்சிருக்காங்க!"

"யாரும் அடிக்கல. சுத்தியல் பிடிச்ச கை அது," என்றார் சார்த்தி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு பேனாவை மூடிவைத்தார். "முதல்ல காபியைக் குடி. அப்புறம் ஆரம்பத்துல இருந்து சொல்லும்மா."

அவள் சொன்னது இதுதான். பழைய எண்ணெய்ச் செக்குக் கட்டடத்தில் பாஸ்குவீனி நடத்தும் சுவரோவியப் பட்டறை எங்களுக்கெல்லாம் தெரிந்த இடம். வெளிநாட்டுப் பிள்ளைகள் கையாலேயே செய்து கற்றுக்கொள்ள வருவார்கள். சுண்ணாம்பும் மணலும் குழைத்துச் சுவரில் பூசி, அது காய்வதற்குள் வண்ணம் தீட்ட வேண்டும். ஈரத்தில் தீட்டிய வண்ணம் சுவரோடு சேர்ந்து இறுகிவிடும். அதனால் ஒரு நாளில் தீட்ட முடிந்த அளவுக்கு மட்டுமே காலையில் பூசுவார்கள். அதற்கு அன்றைய பங்கு என்று பெயர். அன்றைய பங்கை அன்றைக்கே முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் கொத்தி எறிய வேண்டும்.

பாஸ்குவீனி தன் பங்குக்கு இன்னொரு வழக்கத்தையும் சேர்த்திருந்தார். வெள்ளிதோறும், அந்த வாரத்தில் மட்டமான ஓவியம் எதுவோ அதை வரைந்தவரே சுத்தியலால் கொத்திப் போட வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்க வேண்டும். அந்த மனிதரைப் பற்றி நல்லதாக ஏதாவது தெரிந்திருந்தால் முதலில் அதைச் சொல்லியிருப்பேன். ஆறு பேர் வந்தார்கள். நாலு பேர் ஓடிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் நெஸ்தானும் ஹாலந்துப் பெண் மர்லேனும்தான்.

எங்கள் புனித லூசியா கோயில் சுவரைச் சீர்ப்படுத்தும் வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது. இரண்டு வருஷ வேலை. பாஸ்குவீனிதான் தலைமை. உதவிக்கு ஒரு மாணவி வேண்டும். இருவரும் ஆளுக்கொரு லூசியாவின் முகத்தைத் தீட்ட வேண்டும், வெள்ளிக்கிழமை பங்குத் தந்தை ஒத்தொரீனோ பார்த்து ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார் என்று ஏற்பாடு. நெஸ்தானுக்கு அது வேலை மட்டுமல்ல. அவளுடைய தங்கும் அனுமதி திங்களோடு முடிகிறது. அந்த வேலைக்கான கடிதத்தை அன்று பெரூஜா அலுவலகத்தில் கொடுத்தால்தான் அவள் இத்தாலியில் இருக்கலாம்.

"நான் என் முகத்தைப் புதன்கிழமையே முடிச்சிட்டேன். மர்லேன் வியாழக்கிழமை முடிச்சா. ரெண்டுக்கும் துணி போட்டு மூடியிருந்துச்சு. அடுத்தவங்க துணியைத் தூக்கிப் பாக்கக் கூடாதுன்னு சட்டம். இன்னைக்குக் காலையில மாஸ்டர் துணியை எடுக்கிறாரு, மர்லேனோட லூசியா கண்ணு மேல மூணு கீறல். கீழ என்னோட வண்ணக் கத்தி, வண்ணம் குழைக்கறது, கிடக்கு. கத்தி பூராவும் சுண்ணாம்பு."

"நேத்து நீ எங்கே இருந்தே?"

"பெரூஜாவுல, கைரேகை குடுக்கப் போயிருந்தேன். ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிட்டு சாயந்தரம் அஞ்சரைக்குத்தான் இறங்கினேன். ஆபீஸ் சீட்டுல முத்திரை இருக்கு. அப்புறம் பட்டறைக்குப் போய் ஏழு மணி வரைக்கும் வாளியெல்லாம் கழுவினேன், தனியா. மர்லேன் அஞ்சு மணிக்கே போயிட்டா. நான் அப்பத்தான் செஞ்சிருக்கணும்னு மாஸ்டர் சொல்லிட்டாரு. கடிதம் கிடையாதாம்."

"சுத்தியல்?"

"என்னோட லூசியாவைக் கொத்தச் சொன்னாரு. ஃபாதர் வர்றதுக்கு முன்னாடியே. கொத்திட்டேன்."

கஸ்பாரா கரண்டியைத் தட்டில் போட்டாள். "நீ செய்யாத தப்புக்கு நீ ஏன்டி கொத்தினே? சுத்தியலை அவன் கால்ல போட்டிருக்க வேண்டியதுதானே!"

"கொத்தினா கடிதம் குடுத்துருவாரோன்னு நெனச்சேன் அக்கா," என்றாள் நெஸ்தான். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

சார்த்தியும் கஸ்பாராவும் பட்டறைக்குப் போனபோது பாஸ்குவீனி வாசலிலேயே நின்றிருந்தார். அறுபது வயது. உள்ளே நெஸ்தானின் சுவரில் ஒரு காது மட்டும் மிச்சமிருந்தது. மீதியெல்லாம் கீழே குவியலாகக் கிடந்தது.

"வாங்க இன்ஸ்பெக்டர். பென்ஷன் வாங்கறவங்களுக்கு நேரம் போகாதுதான். பாத்துட்டுப் போங்க."

சார்த்தி மர்லேனின் லூசியா முன்னால் வெகுநேரம் நின்றார். இரண்டு கண்களின் குறுக்கேயும் மூன்று ஆழமான கீறல்கள். ஒன்று கன்னத்தைத் தாண்டித் தலையைச் சுற்றியிருந்த மஞ்சள் ஒளிவட்டத்தையும் கடந்து ஓடியிருந்தது. அவர் கீறலின் ஓரத்தை விரலால் தடவினார். ஓரம் இருபுறமும் மேடாக, வழவழவென்று இருந்தது. ஒளிவட்டத்தைக் கீறல் கடக்கும் இடத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார். பள்ளத்தின் அடிவரைக்கும் மஞ்சள் இருந்தது. பிறகு முட்டி போட்டுத் தரையைப் பார்த்தார்.

"இங்க பெருக்கினீங்களா?"

"யாரும் தொடல," என்றார் பாஸ்குவீனி. "அந்தக் கத்தியைத் தவிர."

கத்தி மேசைமேல் இருந்தது. அதன் நுனியில் சுண்ணாம்பு, கையில் ஒட்டிக் காய்ந்த ரொட்டி மாவு மாதிரி அப்பியிருந்தது. லூசியாவின் காலடியில் ஒரு பொட்டுத் தூள் கூட இல்லை.

மர்லேன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. சார்த்தி அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"கடைசியா எதைம்மா தீட்டினே?"

"ஒளிவட்டம். நாலரைக்கு முடிச்சேன். அப்ப முகம் முழுசா இருந்துச்சு, சத்தியமா! அதுக்கப்புறம் துணியைப் போட்டுட்டு அஞ்சு மணிக்குக் கிளம்பிட்டேன்."

"பூச்சு எத்தனை மணிக்குப் பூசினே?"

"எட்டு மணிக்கு. மாஸ்டர் பக்கத்துல இருந்தாரு. மத்தியானம் ஃபாதரோட கோயிலை அளக்கப் போயிட்டாரு. ரெண்டு மணியில இருந்து நான் மட்டும்தான்."

வெளியே வந்ததும் கஸ்பாரா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஃபாதர்தான்! ஞாபகம் இருக்கா, போன வருஷம் லூசியா திருவிழாவுக்கு மெழுகுவத்தி குறைஞ்சப்ப என்ன குதி குதிச்சாரு?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கோவக்காரருங்கறேன்."

"உன் கடைக்குப் பின்னாடி சாமான் அறை இருக்கே, அதுல ஒரு சுவர் எனக்கு வேணும்," என்றார் சார்த்தி. "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு."

சனிக்கிழமை முழுக்க அந்தக் கூத்துத்தான் நடந்தது. நெஸ்தான் சுண்ணாம்பும் மணலும் குழைத்துக் கரண்டியை அவரிடம் கொடுத்தாள். அவர் முதல் கரண்டியை எறிந்தார். அது சுவரில் பட்டு அப்படியே அவர் செருப்பில் வந்து விழுந்தது.

"மணிக்கட்டை இப்படித் திருப்புங்க சார். அடிக்காதீங்க, வீசுங்க."

"வீசுறேன், வீசுறேன்."

"என் ஆலிவ் எண்ணெய் டப்பாவெல்லாம் போச்சு!" என்று கஸ்பாரா பின்னாலிருந்து கத்தினாள். "முப்பது வருஷம் கொலைகாரனப் பிடிச்ச மனுஷன், ஒரு முழச் சுவர் பூசத் தெரியல!"

எட்டு மணிக்கு ஒருவழியாகப் பூசி முடித்தார்கள். அதன்பிறகு மணிக்கு ஒருதரம் சார்த்தி வந்து வண்ணக் கத்தியால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் பென்சிலால் நேரத்தை எழுதினார். மூன்று மணி வரைக்கும் கத்தி பாலாடைக் கட்டியில் இறங்குவது போல இறங்கியது, ஓரம் மேடாக எழும்பியது, கத்தியில் சுண்ணாம்பு அப்பியது. அன்றும் முந்தின நாட்களைப் போல அனல் காற்று. ஐந்து மணிக்குக் கத்தி திக்கித் திக்கிப் போனது. ஆறு மணிக்கு இழுத்தபோது சுவர் உதிர்ந்தது. தரையெல்லாம் வெள்ளைத் தூள். கத்தி சுத்தமாக வந்தது.

சார்த்தி அந்தத் தூளைப் பார்த்துக்கொண்டே நின்றார். நெஸ்தானும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தக் கீறல் விழுந்தது நான் பஸ்ஸுல வந்துட்டிருந்த நேரம்," என்றாள்.

"அதுக்கும் முன்னாடி."

"எனக்கு ஏன் இது தோணல? தினமும் இதே வேலைதானே செய்யறேன்!"

"உன்னைக் கீறலைப் பாக்கவா விட்டாங்க? சுத்தியலைத்தானே கையில குடுத்தாங்க."

சார்த்தி கத்தியைத் துடைத்து வைத்தார். வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தார். முகம் நன்றாக இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோரும் பட்டறையில் கூடினார்கள். பாஸ்குவீனி, மர்லேன், ஃபாதர் ஒத்தொரீனோ, நெஸ்தான், கூடவே யாரும் கூப்பிடாத கஸ்பாரா. சார்த்தி லூசியாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஃபாதர், வியாழக்கிழமை மாஸ்டர் உங்களோட எவ்வளவு நேரம் இருந்தாரு?"

"ரெண்டு மணியில இருந்து ஆறரை வரைக்கும். சாரம் கட்ட அளந்தோம். ஏன்?"

"அவர் கத்தியை எடுக்கலைன்னு உறுதி பண்ணிக்கத்தான். சரி. காய்ஞ்ச சுவரைக் கீறினா உதிரும், கீழ தூள் விழும். இங்க தூள் இல்ல. பச்சையா இருக்கற சுவரைக் கீறினாத்தான் ஓரம் இப்படி மேடாகும், கத்தியில இப்படி அப்பும். நேத்து கஸ்பாரா கடைச் சுவர்ல நானே பூசி, நானே கீறிப் பாத்தேன். இந்தக் கீறல் மத்தியானம் மூணு மணியை ஒட்டி விழுந்தது. நெஸ்தான் அப்ப பெரூஜாவுல வரிசையில நின்னுட்டிருந்தா. ஆபீஸ் சீட்டுல முத்திரை ரெண்டே முக்கால். அவளைப் பிடிச்சுக் குடுத்ததே இந்தக் கத்திதான். அவ செய்யலைன்னு சொல்றதும் இதே கத்திதான்."

"அப்ப யாரோ வெளியாள் வந்திருக்கணும்," என்றாள் மர்லேன். "நான் நடுவுல ஒரு தடவை வெளியே..."

"நாலரைக்கு ஒளிவட்டத்தை முடிச்சப்ப முகம் முழுசா இருந்துச்சுன்னு சொன்னியேம்மா?"

சார்த்தி ஒளிவட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்தக் கீறல் ஒளிவட்டத்தைக் கடக்கற இடத்தைப் பாருங்க ஃபாதர். வட்டத்தை முதல்ல தீட்டியிருந்தா, கீறல் மஞ்சளை வெட்டிட்டுப் போயிருக்கும். பள்ளத்துக்குள்ள வெறும் சுண்ணாம்புதான் தெரியணும். ஆனா உள்ளே அடிவரைக்கும் மஞ்சள். கீறல் முதல்ல, வட்டம் அப்புறம். கண்ணு ரெண்டும் நாசமான ஒரு முகத்துக்கு முன்னாடி ஒருத்தர் நிதானமா உக்காந்து ஒளிவட்டம் போட்டிருக்காங்க. வெளியாள் எவனாவது அதைச் செய்வானா?"

"ஏன் செய்யணும்?" என்றார் ஃபாதர் குழம்பிப்போய். "கெடுத்தவ எதுக்கு மீதியைத் தீட்டணும்?"

"அன்றைய பங்கை அன்னைக்கே முடிக்கணும். இங்க நாலு மாசமா தலையில குட்டிக் குட்டிச் சொல்லிக் குடுத்தது அதானே. கை அதுபாட்டுக்குச் செஞ்சிருச்சு."

மர்லேன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"கண்ணு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேரல," என்றாள் கடைசியில். "ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. காய ஆரம்பிச்சிருச்சு, திருத்த முடியல. வெள்ளிக்கிழமை ஃபாதர் முன்னாடி என்னைக் கொத்தச் சொல்லுவாருன்னு தெரியும். என்னால முடியாது. மூணு தடவை கொத்தியிருக்கேன், ஒவ்வொரு தடவையும் செத்துப் பொழச்சேன்."

"அதுக்கு என் கத்திதான் கிடைச்சுதா?" என்றாள் நெஸ்தான்.

"நீ அஞ்சு தடவை கொத்தினே. ஒண்ணும் ஆகல உனக்கு. நீ தாங்குவேன்னு நெனச்சேன்." மர்லேன் மூக்கை உறிஞ்சினாள். "தாங்கத்தானே செஞ்சே?"

கஸ்பாரா ஒரு எட்டு முன்னால் வந்தாள். சார்த்தி கை நீட்டி அவளைத் தடுத்தார்.

"இன்னும் முடியல," என்றார். பிறகு பாஸ்குவீனியின் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், எனக்கு இந்த வேலை தெரியாது. முதல் கரண்டியை என் செருப்பு மேலயே போட்டுக்கிட்டேன். அப்படிப்பட்ட நானே ஒரே நாள்ல பச்சைச் சுவருக்கும் காய்ஞ்ச சுவருக்கும் வித்தியாசம் கத்துக்கிட்டேன். நீங்க நாப்பது வருஷமா சுவர் பூசறீங்க. வெள்ளிக்கிழமை துணியை எடுத்தப்ப உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

பாஸ்குவீனி லூசியாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நேரமெல்லாம் ஆகல," என்றார் பாஸ்குவீனி. "வாசல்ல நிக்கறப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா அந்தப் பொண்ணைக் கொத்த வெச்சீங்க?" ஃபாதரின் குரல் உடைந்தது. "புதன்கிழமை இங்க வந்தப்பவே அந்த முகத்தை நான் பாத்தேனே! அதைத்தான் எடுக்கறதா இருந்தேன்!"

"நானும் பாத்தேன். நல்ல முகம். நான் கத்துக் குடுத்த யாரும் அப்படித் தீட்டினதில்ல." பாஸ்குவீனி சட்டையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார். "அஞ்சு வெள்ளிக்கிழமை கொத்த வெச்சேன். அதுல நாலு தடவை அவளோடது மட்டமே இல்ல. ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. எங்க மாஸ்டர் என்னைக் கொத்த வெச்சப்ப நான் தரையில புரண்டு அழுதேன். உடையாதவங்களுக்குள்ள எதையும் போட முடியாது, சொல்லிக் குடுக்கவும் முடியாது. செய்யாத தப்புக்குக் கொத்தச் சொன்னா அழுவாளான்னு பாத்தேன். அப்பவும் அழல. கடைசி அடி அடிச்சிட்டு, சுத்தியலைத் துடைச்சுக் குடுத்தா! இப்படி ஒரு ஆளை எம்பக்கத்துல ரெண்டு வருஷம் எதுக்கு வெச்சுக்கணும்?"

"மிருகம்," என்றாள் கஸ்பாரா.

ஃபாதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் போக்கிடம் இல்லை. கோயில் சுவரைத் தொட அரசாங்கம் அனுமதி கொடுத்திருப்பது பாஸ்குவீனியின் பெயருக்கு மட்டும். அவரை நீக்கினால் வேலை நிற்கும், வேலை நின்றால் கடிதமும் இல்லை. சார்த்தி அதையெல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து, முந்தின நாளே தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"நெஸ்தான் இந்த வேலைக்கு எடுக்கப்பட்டிருக்காங்கன்னு இதுல இருக்கு. கையெழுத்துப் போடுங்க. போடலைன்னா, இப்ப சொன்னீங்களே, அதை அப்படியே எழுதி நாளைக்கு அனுமதி குடுத்தவங்க மேசையில வெப்பேன். ஃபாதர் சாட்சி."

"ஆமா, சாட்சி," என்றார் ஃபாதர் நிமிராமல்.

பாஸ்குவீனி பேனாவை எடுத்தார். ஆனால் நெஸ்தானைப் பார்த்துக் கேட்டார். "எங்கூட ரெண்டு வருஷம். ஒரே சாரத்துல. யோசிச்சுக்கோ."

நெஸ்தான் மேசையைப் பார்த்தாள். வேறு கடிதம் இல்லை. திங்கட்கிழமைக்கு அப்பால் வேறு நாளும் இல்லை.

"போடுங்க மாஸ்டர்," என்றாள்.

அவர் போட்டார். மர்லேன் தன் பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியேறினாள். அவளை யாரும் தடுக்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் கஸ்பாரா துள்ளிக் குதித்தாள். "ஜெயிச்சிட்டோம்! என் சுவர் போனாலும் போகுது! வாங்க எல்லாரும், இன்னைக்கு ஒயின் என் கணக்கு! என்னடி மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கே? காகிதத்தைக் காட்டு, பாக்கறேன்!"

நெஸ்தான் காகிதத்தை அவளிடம் கொடுத்தாள். ரெண்டடி நடந்தாள். பிறகு நடுத்தெருவில், கல் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் தோள்கள் மட்டும் குலுங்கின. அப்புறம் வாய்விட்டு, குழந்தை அழுவது போல, மூச்சுத் திணறத் திணற அழுதாள். கஸ்பாரா கையில் காகிதத்தோடு விழித்தாள். ஃபாதர் குனிந்து நெஸ்தானின் தலையைத் தொட்டார். அவளால் நிறுத்த முடியவில்லை.

சார்த்திக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டென்று நகர்ந்து, பட்டறை ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றார். தன் கோட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்துப் பிடித்தார். ஆனால் அவர் ஒல்லியான மனிதர். எவ்வளவைத்தான் மறைக்க முடியும்?

ஜன்னல் ஏற்கெனவே திறந்திருந்தது. பாஸ்குவீனி விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி நின்றிருந்தார். கொஞ்ச நேரம், அவசரமில்லாமல், அவள் அழுவதைப் பார்த்தார்.

"இப்ப சரி," என்றார். "பெரூஜா போயிட்டு நேரா சாரத்துக்கு வந்துடு. உனக்குச் சொல்லிக் குடுக்க நெறைய இருக்கு."